ஏட்டுச் சுரைக்காய்

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை 'ஏரி மாவட்டம்' என்று கூறுவர். அம்மாவட்டத்தின் பகுதியாக இருந்து, இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் அடங்கியிருக்கும் திருப்பெரும்புதூர் வட்டாரத்தில், ஒரகடத்திற்கு அணித்தான ஒரு சிற்றூரில் நான் பிறந்தேன். எங்கள் ஊருக்கும் ஓர் ஏரி உண்டு. அதன் மதகைத் திறந்து அடைக்கும் பொறுப்பு என் தந்தையாரிடம் இருந்தது. இன்ன வயலுக்கு இன்ன நாழிகை நீர் என்பது அவருக்கு மனப்பாடம். அறுவடைக் காலத்தில் ஒவ்வொரு களத்திலும் அவருக்கென்று ஒரு பங்கு நெல் அளந்து வைக்கப்படும். அவர் பள்ளிக்கூடம் சென்றவர் அல்லர்; ஆயினும் ஏரியின் கணக்கில் அவர் தவறியதை நான் கண்டதில்லை.

மழைக்காலத்தில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே நீர் வழிந்தோடும். சிறுவனாகிய நான், "அப்பா! இவ்வளவு நீரும் வீணாகப் போகிறதே!" என்று வருந்துவேன். "வீண் இல்லை, அது கீழே உள்ள ஊராரின் பங்கு" என்பார் அவர். ஓர் ஏரியின் மிகுநீர் அடுத்த ஏரியை நிரப்ப, அதன் மிகுநீர் அதற்கடுத்த ஏரியை நாட, சங்கிலிபோல் ஏரிகளைத் தொடுத்து வைத்தனர் நம் முன்னோர். நமக்குப் பின்னும் ஒருவர் இருக்கிறார் என்னும் எண்ணமே அந்த அமைப்பின் உயிர். இவ்வுண்மையைப் பொறியியல் கல்லூரி எனக்குக் கற்பிக்கவில்லை; கலங்கலின்மேல் நின்ற என் தந்தையார் கற்பித்தார். ஆனால், அதனை நான் எவ்வளவு எளிதில் மறந்தேன் என்பதையே இங்குச் சொல்லப் போகிறேன்.

நான் வளர்ந்த நாளில் எங்கள் வட்டாரம் நெல் விளையும் நிலமாக இருந்தது. பின்னர்க் காலம் மாறியது. 1998-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க் கார்கள் உருவாகத் தொடங்கின. 2006-இல் திருப்பெரும்புதூரில் நோக்கியா நிறுவனத்தின் கைப்பேசித் தொழிற்சாலை எழுந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ, நிசான் நிறுவனங்களின் கூட்டுத் தொழிற்சாலையும், 2012-இல் டைம்லர் நிறுவனத்தின் சரக்குந்துத் தொழிற்சாலையும் திறக்கப்பெற்றன. உழவர் மக்கள் சீருடை அணிந்து, ஆலைப் பேருந்துகளில் ஏறி, இரவும் பகலும் முறை வைத்துப் பணிக்குச் சென்றனர். பல குடும்பங்களில் முதன்முதலாக மாதச் சம்பளம் வந்தது. இந்த நன்மையை மறுப்பவன் நன்றி மறந்தவன் ஆவான். ஆயினும், வந்த ஆலைகள் எல்லாம் நிலைத்து நிற்பதில்லை. நோக்கியாவின் ஆலை 2014-ஆம் ஆண்டில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆலை வரலாம், ஆலை போகலாம். ஏரி இருக்க வேண்டும். நிலத்தடி நீர் இருக்க வேண்டும். அவை போய்விட்டால் ஆலையும் இல்லை, ஊரும் இல்லை.

இவ்வட்டாரத்தில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் நான் ஆசிரியனாகப் பணியாற்றினேன். நீரியல் ஆய்வகம் என் பொறுப்பில் இருந்தது. அதனோடு சுற்றுச்சூழல் அறிவியல் என்னும் பாடத்தையும் கற்பித்து வந்தேன். நாட்டின் கல்விக்கூடங்களில் சுற்றுச்சூழல் கல்வி இடம்பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-ஆம் ஆண்டில் ஆணையிட்டது. அதன் பயனாகப் பட்டப்படிப்பு மாணவர் அனைவரும் இப்பாடத்தைக் கற்கும் நிலை உண்டாயிற்று. நோக்கம் உயர்ந்தது; ஐயமில்லை. 'வளங்குன்றா வளர்ச்சி' என்னும் தொடர் இப்பாடத்தின் நடுநாயகம். இன்றைய தேவையை நிறைவு செய்துகொள்ளும் நாம், நாளை பிறப்பவர் தம் தேவையை நிறைவு செய்துகொள்ள வழியின்றித் தவிக்கும்படி செய்துவிடலாகாது என்பது அதன் கருத்து. ஐக்கிய நாடுகள் அவை அமைத்த பிரண்ட்லாண்டு ஆணைக்குழு 1987-இல் இதனை உலகறியச் செய்தது. என் தந்தையார் கலங்கலில் நின்று சொன்னதும் இதுதான் அன்றோ?

மாணவர் இப்பாடத்தை எப்படிப் படித்தனர்? தேர்வுக்கு முன்னாள் இரவு படித்தனர். தேர்வு முடிந்த மறுநாள் மறந்தனர். அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. கடன் வாங்கிப் படிக்க வைத்த பெற்றோர் வீட்டில் காத்திருக்கின்றனர். 'வேலை கிடைக்குமா?' என்னும் கேள்வி ஒவ்வோர் இரவும் தலையணையோடு வந்து படுக்கிறது. அந்நிலையில் உள்ள இளைஞனிடம், 'உலகைக் காப்பாற்று' என்று ஒருவர் சொல்லும்போது, அது உண்டு களைத்தவர் பேச்சாக அவன் காதில் விழுகிறது.

2019-ஆம் ஆண்டுக் கோடையை என்னால் மறக்க இயலாது. திருப்பெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் முதலிய ஏரிகளின் மிகுநீரைப் பெற்றுச் சென்னைக்குக் குடிநீர் தருவது செம்பரம்பாக்கம் ஏரி. அதன் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் முதல் நாளன்று, அவ்வேரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. அந்த ஏரிதான், நான்கு ஆண்டுகளும் நிரம்பாமுன், 2019 ஜூன் மாதத்தில் வெடித்த சேறாகக் கிடந்தது. ஜூலை 12-ஆம் நாள், சோலையார்பேட்டையிலிருந்து ஐம்பது தொட்டிகளில் 25 இலட்சம் லிட்டர் நீரைச் சுமந்துகொண்டு, 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, தொடர்வண்டி ஒன்று சென்னைக்கு வந்தது. மக்கள் அதனைத் தேரைப் பார்ப்பதுபோல் நின்று பார்த்தனர்.

எங்கள் கல்லூரியிலும் ஆழ்துளைக் கிணறுகள் வற்றின. விடுதிக்கு லாரிகளில் நீர் வந்தது. அவ்வேளையில் நான் ஒரு வகுப்புத் தேர்வு நடத்தினேன். 'வளங்குன்றா வளர்ச்சியின் இன்றியமையாமையை விளக்குக' என்பது வினா. மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் மிகச் சிறந்த விடை எழுதியிருந்தான். பத்துக்குப் பத்து மதிப்பெண் கொடுத்து, அவ்விடையை வகுப்பில் படித்தும் காட்டினேன்.

அன்று மாலை விடுதிப் பக்கமாகச் சென்றேன். மேல்நிலைத் தொட்டி நிரம்பி, நீர் சுவரில் அருவிபோல் வழிந்துகொண்டிருந்தது. பத்து மதிப்பெண் பெற்ற மாணவன் அதனடியில் நனையாதபடி ஒதுங்கி, நண்பர்களோடு பேசிக்கொண்டே நடந்தான். எனக்குச் சினம் பொங்கியது. "தம்பி! இன்று காலை நீ எழுதியது என்ன? இப்போது செய்வது என்ன?" என்று கேட்டேன்.

அவன் திடுக்கிட்டான். பிறகு, பணிவு குறையாமலே, "மின்விசையை நிறுத்துவது காவலாளியின் வேலை, ஐயா" என்றான். சற்றுத் தயங்கி, "தவறாக எண்ண வேண்டாம். நம் நீரியல் ஆய்வகத்திலும் நீர் இப்படித்தானே போகிறது?" என்றான்.

அச்சொல் என் நெஞ்சில் தைத்தது. நீரியல் ஆய்வகத்தில் சோதனைக்குப் பயன்படும் நீர், கீழ்த்தொட்டியில் சேர்ந்து, எக்கியால் மேலேற்றப்பட்டு, மீண்டும் மீண்டும் சுழன்று வரவேண்டும். எங்கள் எக்கி பழுதுபட்டு மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. பழுது நீக்கும்படி ஒரு தாள் எழுதி அனுப்பிவிட்டு, என் கடமை முடிந்தது என்று நான் இருந்துவிட்டேன். ஒவ்வொரு வகுப்பிலும் நீர் சோதனைக் குழாயைக் கடந்து நேரே வடிகாலுக்கு ஓடியது. நீர் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று கணக்கிடக் கற்பித்தேன். எங்கே ஓடுகிறது என்று நானும் பார்க்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. மாணவன் என்னிடமிருந்து இரண்டு பாடங்களைக் கற்றிருந்தான். ஒன்று, நான் சொன்னது. மற்றொன்று, நான் செய்தது. நான் சொன்னதைத் தேர்வில் எழுதினான். செய்ததை வாழ்க்கையில் பின்பற்றினான்.

அன்று இரவு எனக்கு உறக்கம் இல்லை. மறுநாள் வகுப்பில், "நான் தவறு செய்தேன். முதலில் அந்த எக்கியைச் சீர்செய்வோம். உங்களில் யார் வருகிறீர்கள்?" என்று கேட்டேன். ஆறு பேர் எழுந்தனர். அவனும் எழுந்தான். இரண்டு மாலைப் பொழுதுகளில் வேலை முடிந்தது. தேய்ந்துபோன ஓர் அடைப்பு வளையமே பழுதின் காரணம்; அதன் விலை ஒரு வேளைச் சிற்றுண்டிக்கும் குறைவு!

பிறகு அவர்கள் தாமாகவே விடுதித் தொட்டியை நோக்கித் திரும்பினர். ஒரு வாளியும் ஒரு கடிகாரமும்தாம் அவர்களுடைய கருவிகள். 20 லிட்டர் வாளி 10 நொடியில் நிரம்பியது. நொடிக்கு 2 லிட்டர். ஒரு நாளில் ஏறத்தாழ 40 நிமிடம் நீர் வழிகிறது. ஆகவே நாளொன்றுக்கு 4,800 லிட்டர் வீண். 12,000 லிட்டர் கொள்ளும் லாரியில், ஐந்து நாளில் இரண்டு லாரி நீர் சுவரில் வழிந்து சேறாகிறது. இக்கணக்கை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் போடலாம். ஆயினும், தம் கையால் அளந்து தாமே கண்ட எண் என்பதால், அது அவர்களை உறங்கவிடவில்லை.

கணக்கு அங்கே நிற்கவில்லை. 'இந்த லாரிகள் எங்கே நீர் எடுக்கின்றன?' என்னும் வினா எழுந்தது. ஒருநாள் அதிகாலையில் அம்மாணவன் லாரி ஓட்டுநருடன் ஏறிச் சென்றான். திரும்பி வந்தபோது அவன் முகம் வாடியிருந்தது. "லாரி எங்கள் பக்கத்து ஊர் வயற்கிணற்றில்தான் நிரப்பப்படுகிறது, ஐயா. அந்தப் பக்கம் எங்கள் கிணற்றிலும் நீர் கீழே போய்விட்டது என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்கள். காரணம் எனக்குத் தெரியவில்லை, இப்போது தெரிகிறது" என்றான். அவன் மேலும் ஒன்றும் பேசவில்லை. வழியும் நீருக்கும் தன் தாயின் வெறுங்குடத்துக்கும் இடையே உள்ள வழியை அவன் கண்டுகொண்டான். நான் பத்து ஆண்டுகள் பேசியும் உண்டாக்காத மாற்றத்தை அந்த ஒரு காலைப் பயணம் உண்டாக்கியது.

நீர் நிரம்பியதும் தானே அடைக்கும் மிதவை அடைப்பான் ஒன்றைத் தொட்டியில் பொருத்தினர். ஒவ்வொரு தளத்திலும் நீர்மானியைப் பார்த்து நாள்தோறும் எழுத ஒரு பதிவேடு வைத்தனர். சில நாள்கள் எல்லாம் சிறப்பாக நடந்தன. அடுத்த தேர்வு வந்தது. பதிவேட்டின் பக்கங்கள் வெறுமையாயின. 'எல்லாருடைய வேலையும் ஒருவருடைய வேலையும் அன்று' என்பதை மீண்டும் கண்டோம். ஆர்வம் என்பது வைக்கோற் போரில் பற்றிய தீப் போன்றது. விரைவில் எழும், விரைவில் அடங்கும். அதனை அடுப்பில் இட்டுக் காக்க ஒரு முறை வேண்டும்.

அம்முறையை நாங்கள் உத்தரமேரூரில் கண்டோம். அவ்வூர் எங்கள் மாவட்டத்திலேயே உள்ளது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாணவர்களை அழைத்துக்கொண்டு வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குச் சென்றேன். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட ஊராட்சி விதிகளை அக்கோயிற் சுவர்களில் காணலாம். ஏரியைக் காக்க 'ஏரி வாரியம்' என்ற குழு இருந்தது. அதன் உறுப்பினர் ஆறு பேர். அவர்களுடைய பணிக்காலம் 360 நாள். பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து, உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தனர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் அப்பொறுப்புக்கு வர இயலாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வர இயலாது!

ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட அந்த எழுத்துகளின் முன் மாணவர் நெடுநேரம் நின்றனர். "ஏரியை நேசியுங்கள் என்று ஓரிடத்திலும் எழுதவில்லையே! கணக்குக் காட்டு என்றுதானே எழுதியிருக்கிறார்கள்!" என்றான் ஒருவன். எல்லாரும் நகைத்தோம், ஆயினும் அவன் சொன்னது உண்மை. அடுத்த வாரமே விடுதியில் ஒரு குடம் வைக்கப்பட்டது. சோழர் காலத்தில் அவ்வுரிமை நிலமும் கல்வியும் உடைய சிலருக்கே இருந்தது. எங்கள் குடத்திலோ எல்லார் பெயரும் இருந்தன. தளத்துக்கு ஒருவராக, ஒரு மாதத்துக்குப் பொறுப்பாளர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். திங்கள்தோறும் உணவுக்கூட வாயிலில், தம் கையொப்பத்துடன் அவர்கள் கணக்கு எழுதி ஒட்டினர். கணக்கை எழுதாமல் விட்ட ஒருவன், தண்டனை ஏதும் இன்றியே, அந்த வாயிலைத் தலை குனிந்து கடந்ததை நான் கண்டேன்.

சில நாளில் மாணவியர் விடுதியிலிருந்து நால்வர் வந்தனர். குடிநீரைத் தூய்மை செய்யும் கருவி, ஒரு குடம் நல்ல நீர் தருவதற்கு இரண்டு குடத்துக்கும் மேலாக நீரைக் கழிக்கிறது என்று அவர்கள் அளந்து கண்டிருந்தனர். அதனைச் செடிகளுக்குப் பாய்ச்சலாம் என்றேன் நான். "அதில் உப்பு மிகுதி, ஐயா, மண் கெட்டுவிடும். தரை கழுவவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம்" என்று அவர்கள் என்னைத் திருத்தினர். ஆசிரியனுக்கு இதனினும் சிறந்த பரிசு வேறு உண்டோ?

மாணவரின் உள்ளத்தை இயக்குவது எது என்று நான் பலகாலும் எண்ணியதுண்டு. எட்வர்டு டெசி, ரிச்சர்டு ரயன் என்னும் அமெரிக்க உளநூல் அறிஞர் இருவர், மனிதன் ஒரு செயலைத் தானே விரும்பிச் செய்வதற்கு மூன்று வேண்டும் என்று ஆராய்ந்து கூறினர்: தன் விருப்பத்தால் செய்கிறேன் என்னும் உணர்வு, என்னால் இயலும் என்னும் திறமை, பிறரோடு எனக்குத் தொடர்பு உண்டு என்னும் உறவு. எங்கள் கல்லூரியில் நடந்ததும் இதுவே. கட்டளையிட்டபோது செய்யாதவர், தாமே முன்வந்தபோது செய்தனர். வாளியும் கடிகாரமும் அவர்களுக்குத் திறமையைக் காட்டின. தாயின் கிணறு அவர்களுக்கு உறவைக் காட்டியது. மதிப்பெண்ணால் வாங்கிய ஆர்வம் மதிப்பெண்ணோடு போயிற்று; பொறுப்பால் விளைந்த ஆர்வம் நின்றது.

ஒரு விடுதியின் தொட்டியைக் காத்துவிட்டால் நாட்டின் நீர்ப்பஞ்சம் தீர்ந்துவிடுமா? தீராது. சட்டம் வேண்டும், அரசின் விழிப்பு வேண்டும், ஆலைகளின் நேர்மை வேண்டும். 2003-ஆம் ஆண்டில் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அது பெரும் நன்மை. ஆயின், சட்டத்தால் அமைத்த தொட்டியில் குப்பை நிறைந்திருந்தால், அதனை அள்ளச் சட்டம் வந்து நிற்குமோ? மனிதன்தான் வந்து நிற்க வேண்டும்.

மூன்று ஆண்டுகள் கழித்து அம்மாணவன் என்னைக் காண வந்தான். எங்கள் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் இளம்பொறியாளனாக அமர்ந்திருந்தான். ஆலைகளில் அழுத்தக் காற்றைக் குழாய்களில் செலுத்திக் கருவிகளை இயக்குவர். பேணுதல் குறைந்த ஆலைகளில், அமுக்கி தரும் காற்றில் நூற்றுக்கு இருபது முதல் முப்பது பங்கு வரை கசிவினாலேயே வீணாவதுண்டு. கண்ணுக்குத் தெரியாத அந்த வீணைச் செவியால் அறியலாம். உணவு இடைவேளையில் எந்திரங்கள் ஓய்ந்தபின், அவன் குழாய் வழியே நடந்து, 'உஸ்' என்னும் ஒலி கேட்ட இடத்தில் எல்லாம் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினான். "உற்பத்தியைக் கவனி" என்று முதலில் கடிந்துகொண்டார் மேலாளர். அவன் எதிர்த்துப் பேசவில்லை. துணிகளை எண்ணி, மின்செலவைக் கணக்கிட்டு, ஒரு தாளில் எழுதி, கீழே கையொப்பமிட்டு, அவர் மேசைமேல் வைத்தான். அடுத்த திங்கள் கசிவுகளை அடைக்கும் பணி அவனிடமே ஒப்படைக்கப்பட்டது.

"அதைச் செய்யும்படி உனக்கு யார் சொன்னார்கள்?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லவில்லை, ஐயா. காதில் விழுந்துவிட்டது, பிறகு சும்மா இருக்க முடியவில்லை" என்றான்.

மாணவர்களே! 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது நம் நாட்டுப் பழமொழி. வளங்குன்றா வாழ்வு என்பது தேர்வில் எழுதி முடிக்கும் விடை அன்று. காதில் விழுந்தபின் சும்மா இருக்க இயலாத நிலை அது. உங்கள் பள்ளியிலும் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருக்கலாம். அதன்கீழ் ஒரு குவளையை வையுங்கள். அது நிரம்பும் நேரத்தைக் குறியுங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கணக்கிடுங்கள். கணக்கின் கீழே உங்கள் பெயரை எழுதுங்கள். பிறகு செய்யவேண்டியது என்ன என்பதை எவரும் உங்களுக்குச் சொல்லவேண்டுவதில்லை.

எங்கள் ஊர் ஏரி இன்றும் இருக்கிறது. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் கலங்கல் வழியே நீர் வழிகிறது. அங்கு நிற்கும்போதெல்லாம் என் தந்தையாரின் குரல் கேட்கிறது: "அது கீழே உள்ள ஊராரின் பங்கு."